கறுப்புச் சதுரத்தில் ஒரு முகம்

இது நான் நேரில் கண்டதல்ல. கல்லூரியில் என்னோடு படித்த தோழி, தன் அக்கா வாசுகிக்கு நடந்ததாகச் சொன்னாள். அவள் சொன்னதற்கு மேல் எதையும் சேர்க்காமல் எழுத முயல்கிறேன்.

வாசுகி தஞ்சாவூரில் தன் வீட்டிலிருந்தபடியே, விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆன்லைனில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாளே ஒரு விதி வைத்தாள். யாரும் கேமராவைத் திறக்கக் கூடாது. திறந்தால் டேட்டா தீர்ந்துவிடும், குரலும் விட்டு விட்டு வரும். அதனால் அவள் திரையில் இருந்தவை கறுப்புச் சதுரங்களும் அவற்றின் மேல் பெயர்களும்தான். பிள்ளைகளின் முகம் அவளுக்குத் தெரியாது.

அந்தப் பெயர்களில் ஒன்று முத்துமாரி. இந்த வகுப்புக்காகவே அவள் அம்மா சண்முகத்தாய் ஒரு ஃபோன் வாங்கித் தந்திருந்தாள். மற்றவர்கள் விடையைத் தட்டி அனுப்புவார்கள். மாரி மட்டும் வாயால் சொல்வாள். மைக்கை அவள் மூடுவதே இல்லை. அவள் வீட்டில் தொட்டில் ஆடும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்கும்.

"கை என்னடி பண்ணுது? டைப் பண்ண மாட்டியா?" என்று வாசுகி ஒரு நாள் கேட்டாள்.

"வேல கெடக்கு மிஸ்."

"மகாராணி மருதாணி வச்சிருக்காக மிஸ்," என்றான் ஜோயல். பக்கத்து ஊர்ப் பையன். மாரியின் பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பு. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு மாலை, பாடத்தின் நடுவே மாரியின் சதுரம் வெளிச்சமானது. ஒல்லியான ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியருகே தாம்பாளத்தில் சாம்பல் நிற வெடிமருந்து. சுற்றிலும் பட்டாசுக்கான காகிதக் குழாய்கள். முழங்கை வரை கை சாம்பல் நிறமாக இருந்தது. பின்னால் தம்பியின் தொட்டில். அதற்கும் அப்பால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"மாரி, கேமரா ஓடுது பாரும்மா. ஆஃப் பண்ணு," என்றாள் வாசுகி.

மாரி உடனே அணைக்கவில்லை. கையைப் பாவாடையில் துடைத்தாள். திரையைப் பார்த்தாள். அதன் பிறகுதான் சதுரம் கறுப்பானது.

வகுப்பு முடிந்ததும் மாரியே வாசுகியை அழைத்தாள். "மிஸ், யார்ட்டயும் சொல்லிராதீக. அம்மாவப் பிடிச்சிட்டுப் போயிருவாக."

"சொல்ல மாட்டேன். நீ படிப்ப மட்டும் விட்டுறாத."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் ஜோயல் வாசுகியை அழைத்தான். "அடுப்புப் பக்கத்துல மருந்து இருந்துச்சே மிஸ், பாத்தீகளா? எங்க ஊர்ல அப்பிடி ஒரு வீடே போச்சு. நீங்க சொல்லுவீகளா?"

"நான் வாக்குக் குடுத்துட்டேன் ஜோயல்."

"நான் குடுக்கலையே," என்றான் அவன்.

குழந்தைகள் உதவி எண்ணுக்கு அவனே அழைத்துச் சொன்னான். அதிகாரிகள் வந்தார்கள். மருந்தோடு ஃபோனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். "அந்தக் கிளாசுக்குத்தான்யா இந்த வேலையே," என்று சண்முகத்தாய் காவல் நிலையத்தில் கத்தியிருக்கிறாள். மருந்து கொடுத்தவன் பெயரை மட்டும் அவள் சொல்லவில்லை. அவளைச் சிறைக்கு அனுப்பினார்கள். மாரியும் தம்பியும் வேறு வேறு குழந்தைகள் இல்லங்களுக்குப் போனார்கள். மாரியின் இல்லத்தில் ஃபோனுக்கு அனுமதியில்லை. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் ஜோயலிடம் யாரும் பேசுவதில்லை. ஒருவன் மட்டும், "காட்டிக் குடுத்த பயலே," என்று தட்டி அனுப்பினான்.

வாசுகி வாக்கைக் காப்பாற்றினாள். ஆனால் அடுப்பை எரியவிட்டாள். ஜோயல் அந்த வீட்டைத் தீயிலிருந்து காப்பாற்றினான். ஆனால் அந்த வீட்டில் இப்போது யாருமில்லை. இதில் யார் செய்தது சரி?

விடை: தோழி சொன்ன விடையை அப்படியே தருகிறேன். கேட்கப்பட்ட வாக்கை மட்டும் பார்த்தால் வாசுகி செய்தது சரி. ஆனால் மாரி வாயால் கேட்டது அது. கேமராவைத் திறக்கச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை; திறக்கக் கூடாது என்பதே விதி. விடை எழுதக்கூட ஃபோனைத் தொடாத கை, அன்று அதைத் தொட்டிருக்கிறது. அம்மாவைக் காட்டிக் கொடுக்க அவளால் முடியாது. தம்பியை அடுப்பருகே விட்டுவிடவும் முடியாது. அதனால் வாயால் மறைத்து, கையால் காட்டினாள். அந்தக் கைக்குப் பதில் சொன்னவன் ஜோயல். ஆகவே அவன் செய்ததுதான் சரி.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. விரல் தவறிப் பட்டிருந்தால்? அப்படியானால் ஜோயல் செய்தது என்னவாகும்? வாசுகி வகுப்பு நடத்திய அதே செயலியை, இதுவரை அது இல்லாத ஒரு ஃபோனில் ஏற்றி நானே பார்த்தேன். கேமரா பொத்தானைத் தொட்டதும் படம் தெரியவில்லை. மாரிக்கு அன்று போலவே எனக்கும் இது முதல் முறை என்பதால், கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கலாமா என்று ஃபோன் கேட்டது. 'அனுமதி' என்பதன் மேல் இன்னொரு முறை விரல் வைத்த பிறகுதான் என் முகம் தெரிந்தது.