நூற்றியொரு இரும்புக்கட்டி

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோ போட்டிருக்கும் தவசிலிங்கம் அண்ணாச்சியின் இரும்புக்கட்டிக் கதையை வேலாயுதம் ஏழு வருஷமாக நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருந்து இத்தனை நாளில் என்னத்தைச் சாதித்தோம் என்ற கேள்வியும் அவருக்குள் உண்டு. ஐம்பத்து மூன்று வயதில் இந்த மாதிரிக் கேள்விகள் சவாரி இல்லாத மத்தியானங்களில்தான் வரும்.

அன்றைக்கு அந்தக் கதையை நம்பியாக வேண்டிய நிலைமை. 'கல்கோட்டை' என்று ஒரு போன் விளையாட்டு. அதில் டிராகன்களை விரட்டி விரட்டி, இரண்டு வருஷமாக வேலாயுதம் செதில் சேர்த்திருந்தார். இதுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை. அத்தனையையும் இன்று சந்தையில் விற்றால் கப்பல் வாங்கலாம், கடலைத் தாண்டலாம். கப்பல் கடை இன்று சாயங்காலம் ஆறு மணியோடு ஒரேயடியாக மூடிவிடும். கடலுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே செய்யது போய்விட்டார். அவருக்குப் பரிசுப் பெட்டியில் கப்பல் விழுந்துவிட்டது. நிஜத்தில் செய்யதின் ஆட்டோ வேலாயுதத்தின் ஆட்டோவுக்கு அடுத்ததுதான். கை நீட்டினால் தொடலாம். இருந்தும் தினமும் சொல்வார், "வேலாயுதம், அக்கரையில காத்து என்னமா வீசுது தெரியுமாவே!"

செதிலைக் கட்டுக் கட்டாகத்தான் சந்தையில் வைக்க வேண்டும். ஒரு கட்டில் எத்தனை என்பது விற்பவர் இஷ்டம். வைத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஆறு மணிக்குள் விற்காத கட்டு சாம்பலாகிவிடும். சிறிய கட்டாகப் போட்டால் கூட்டத்தில் காணாமல் போகும். பெரிய கட்டென்றால் வாங்க வருகிறவன் பயப்படுவான். ஒரு வாரமாக வேலாயுதத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நூத்தியொண்ணு நூத்தியொண்ணாக் கட்டும்வே," என்றார் அண்ணாச்சி, வடையைப் பிய்த்துக்கொண்டே. "இதே விளையாட்டுல நான் இரும்பு வித்த கதைதான் தெரியும்லா?"

"தெரியாது, சொல்லுங்க," என்றார் நூறு முறை கேட்டிருந்த செய்யது.

"அப்பம் எல்லாவனும் பத்து, இருபதுன்னு கட்டி வச்சுட்டு ஈ ஓட்டிட்டு இருந்தான். நான் யோசிச்சேன். கல்யாண வீட்ல மொய் நூறுன்னா எழுதுதோம்? நூத்தியொண்ணுதான? இரும்பையும் அப்படியே கட்டினேன். வச்ச விரலை எடுக்கல, வித்துப்போச்சு."

"விரலை எடுத்தாத்தான அண்ணாச்சி போன்ல விக்கவே செய்யும்?" என்றார் செய்யது.

"உம்ம போன் அப்படி. கேளும். ஒரு வாளுக்கு நூறு இரும்பு. வாங்கினவன் வாளைச் செஞ்சுட்டான். மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணு பையில ஒரு அறையை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மொய்ப்பணம் மாதிரி வந்ததைத் தூக்கி எறிய மனசு வருமா? அதைத் தீக்கணும்னா இன்னும் தொண்ணூத்தொம்பது வேணும். நான் தொண்ணூத்தொம்பது விக்க மாட்டேன். நூத்தியொண்ணுதான். இன்னொரு வாள், மிச்சம் ரெண்டு. கொரியாக்காரன் ஒருத்தன் அப்படியே நாப்பத்தாறு வாள் செஞ்சான். பாவம், அவன் அதுல மீன் பிடிக்க வந்தவன்."

"நூறு தடவ வாங்கினா மிச்சத்துலயே ஒரு வாள் சும்மா வந்துருமே?" என்று மடக்கினார் செய்யது.

"அந்த ஆசைலதாம்வே வாங்கினான்!"

வேலாயுதம் சிரிக்கவில்லை. கணக்கு சரியாகத்தானே வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஊர் பூரா வாளு. வைக்க இடமில்லாம காட்டுல போட்டான். காட்டுல கிடந்த பூதம்லாம் எடுத்துக்கிடுச்சு. எடுத்ததுக்குத் தீட்ட இரும்பு வேணும்லா? என் கடை வாசல்ல வரிசையா நின்னுச்சுவே, ஒண்ணை ஒண்ணு இடிக்காம. கடைசியா அந்தப் பெரிய டிராகன் வந்து, 'அண்ணாச்சி, நமக்கு ஒரு கட்டு'ங்குது."

"டிராகனுக்குத் தமிழ் தெரியுமாக்கும்?"

"காரியம் ஆகணும்னா எல்லாம் பேசும். அந்த மிச்ச ஒண்ணை வச்சு அதுக்கு ஓட்டைப் பல்லை அடைச்சு அனுப்பினேன். உலகம் பூரா ஆளாளுக்கு மிச்ச இரும்பு. அந்த வெயிட்டுல கம்பெனிக்காரன் கட்டடம் ஒரு மாடி பூமிக்குள்ள இறங்கிருச்சு. மேனேஜர் போன் பண்ணி அழுதான், 'ஐயா, தயவுசெஞ்சு கடையை மூடுங்க'ன்னு. நூத்தியொரு தடவ கேளு, பாக்கலாம்னேன். கேட்டான்வே! நூறோட நிறுத்தப் பாத்தான், விடல."

"எங்க, நீங்க விளையாடின அந்தப் போனைக் காட்டுங்க."

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து வைத்தார். "இதான். அப்பம் இம்மாம் பெரிய டச் போனு. வெயிட்டு தாங்காம சுருங்கிருச்சு."

செய்யது புரையேறி இருமினார். "இவ்வளவு நல்ல வழின்னா, சந்தையில ஒரு பயகூட நூத்தியொண்ணு கட்டி வைக்கலையே, ஏன்?"

"தைரியம் வேணும்லா."

அந்தச் சொல் வேலாயுதத்தைக் குத்தியது. இரண்டு வருஷம் எதையும் விற்காமல் பொத்திப் பொத்தி வைத்தது அது இல்லாததால்தானோ? கையிருப்பைப் பார்த்தார். நானூற்று நான்கு செதில். சரியாக நான்கு நூற்றியொன்று. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏழு வருஷச் சந்தேகம் அந்த இடத்தில் விட்டுப்போனது.

மணி ஐந்தரை. சந்தையைத் திறந்தார். 'ஒரு கட்டுக்கு எத்தனை?' என்ற பெட்டியைத் தொட்டார். ஒன்று அடித்தார். பூஜ்யம் அடித்தார். ஒன்று அடித்தார். பெட்டியில் பத்து என்று நின்றது. அழித்துவிட்டு மெதுவாக, விரலை நன்றாக ஊன்றி அடித்தார். பத்துதான். விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு அடித்தார். பத்து.

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். அண்ணாச்சி அவசரமாக ஒரு சவாரியைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம். கொரியாக்காரனை நம்பிட்டேன். பூதம் வரிசையில நின்னதை நம்பிட்டேன். டிராகன் பல்லு, கட்டடம், சுருங்கின போனு, எல்லாத்தையும் நம்பிட்டேன். இந்தப் பெட்டியில ரெண்டு நம்பருக்கு மேல விழமாட்டேங்குதே, அந்த மூணாவது நம்பரை நீங்க எந்த விரலால அடிச்சீங்க?"