பல்லில் வைத்துப் பார்த்த தீட்டுக்கல்

பொன்னாவரைச் சீமையை ஒரு காலத்தில் மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் அவர் மனசு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கே தெரியாது.

ஒரு நாள் காலை சவரத்தில் ராஜாவின் கன்னம் கீறி ரத்தம் வந்துவிட்டது. சவரம் செய்தவர் அரண்மனை நாவிதர் வைரவன். கத்தியைத் தீட்டிய கல், கஜானா அதிகாரி பரிமேகர் காணிக்கையாகக் கொடுத்தது. பச்சை நிறம், கண்ணாடி வழவழப்பு, சுற்றிலும் தங்க விளிம்பு. இனி அதில்தான் தீட்ட வேண்டும் என்பது ராஜ உத்தரவு. வைரவன் கல்லைக் குறை சொன்னார். பரிமேகர் அவர் கையைக் குறை சொன்னார். தினமும் ராஜாவின் காதோரம் நின்று பேசுகிற நாவிதர்மேல் அவருக்கு வெகுநாளாகப் பொறாமை.

"கல்லைப் பற்றி அவ்வளவு தெரியும் என்றால் நல்ல கல் எது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லட்டும், மன்னா. தப்பாகச் சொன்னால் நாட்டை விட்டே போகட்டும்" என்றார். ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது.

சபை நடுவே ஒன்பது கற்களை வரிசையாக வைத்தார்கள். தங்கம் கழற்றிய பச்சைக் கல்லும் அதில் ஒன்று. வேடிக்கைக்காக, ஆற்றங்கரையில் கிடந்த ஒரு கறுப்புக் கல்லையும் பரிமேகர் சேர்த்திருந்தார்.

வைரவன் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். மந்தமாக ஒலித்த மூன்றை, உள்ளே விரிசல் என்று ஒதுக்கினார். மற்றவற்றில் தண்ணீர் விட்டுத் தடவினார். உடனே உறிஞ்சிக்கொண்ட நான்கையும் தள்ளினார். மிஞ்சிய இரண்டையும் தேய்த்து, வந்த குழம்பை விரலால் எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார்.

"இது மணல், கத்தி விளிம்பைக் கெடுக்கும்" என்று ஒன்றைத் தள்ளினார். அது பச்சைக் கல்.

அடுத்ததைக் கடித்தவர் இன்னொரு முறையும் கடித்துப் பார்த்தார். "இதில் ஒரு சத்தமும் இல்லை, மகாராஜா" என்றார். அது கறுப்புக் கல்.

பரிமேகர் வாய்விட்டுச் சிரித்தார். வைரவன் கண்கட்டை அவிழ்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "என்னை நம்ப வேண்டாம், ஐயா. உங்கள் பல்லை நம்புங்கள்."

பச்சைக் கல்லின் குழம்பைப் பரிமேகர் கடித்தார். நறநற என்ற சத்தம் சிம்மாசனம் வரை கேட்டது. கறுப்புக் கல்லின் குழம்பைக் கடித்தார். வெண்ணெய் போல வழுக்கியது.

அந்தக் கல்லில் தீட்டிய கத்தியில் ராஜா தன் தலைமுடி ஒன்றைத் தொட வைத்தார். முடி அசையவே இல்லை, இரண்டாக விழுந்தது.

"இதை யார் செய்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரும் செய்யவில்லை, மகாராஜா. அசையாத தண்ணீரில் தூசு தூசாகப் படிந்து இறுகியது. நடுவில் ஒரு மணல்கூட விழவில்லை."

"எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?"

"எண்ணிப் பார்க்க அப்போது ஆள் கிடையாது, மகாராஜா."

ராஜா உடனே ஆற்றுக்குப் புறப்பட்டார். வழி முழுக்கப் பரிமேகர்தான் குடை பிடிக்க வேண்டும் என்றார். குடை தனக்கு அல்ல, வைரவனுக்கு என்றார். அந்தக் கரையையே வைரவனுக்கு எழுதிக் கொடுத்தார்.

கரையில் அந்தக் கறுப்புப் பாறை, ஏடு ஏடாக அடுக்கி வைத்தது போல நீருக்குள் இறங்கிக்கொண்டே போனது. ராஜா நெடுநேரம் பார்த்தார். பிறகு பாதக்குறட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு அதன்மேல் அடி வைத்தார்.