ஊசிச் சந்தில் ஏறிய கொடி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். பெயர் விசயதுங்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனுஷர்தான். ஆனால் தன் கொடி என்றால் அவருக்கு ஒரே பித்து. பச்சைப் பட்டில் கிளி போட்ட கொடி அது. அந்தக் கொடிக்குக் கீழே வந்தால் யானையோ, தேரோ, பல்லக்கோ, எதில் வந்தாலும் இறங்கி, தலை குனிந்து நடந்துதான் போக வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். அவரும் அப்படித்தான் நடப்பார். கொடி அரண்மனை வாசலில் மட்டும் பறந்ததால் பெரிய மனிதர்களுக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. நாலடி நடந்துவிட்டு மறுபடியும் தேரில் ஏறிக்கொள்வார்கள்.

அரண்மனைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் ஊசிச் சந்து என்று ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி வீடுகள். மருந்துக்குக்கூட ஒரு செடி கிடையாது. மத்தியான வெயிலில் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி சுடும். அந்தச் சந்துக்குள்தான் தளவாய் கூத்தப்பெருமாள் தினமும் தேரை விரட்டிக்கொண்டு போவார். ராஜாவின் படைக்கே தலைவர் அல்லவா, சுற்றுவழியில் போக அவருக்குப் பொறுமை ஏது? தேர்ச் சத்தம் கேட்டதும் சந்துக்காரர்கள் பல்லி மாதிரிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சுமை தூக்கும் சடையன் ஒருநாள் ஒட்டிக்கொள்ளத் தாமதித்துவிட்டான். சக்கரம் காலில் ஏறிவிட்டது. அன்றையிலிருந்து அவன் விந்தி விந்தித்தான் நடக்கிறான். அவன் மனைவி அங்காயி ஆப்பம் சுட்டு விற்றுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டாள்.

கால் போனது சடையனுக்கு. கோபம் வந்ததோ தளவாய்க்கு! சுவரில் உரசித் தேரின் தங்கப் பூச்சு போய்விட்டதாம். நேரே ராஜாவிடம் போய் நின்றார்.

"மகாராஜா, அந்தச் சந்து தங்கள் தலைநகருக்கே இழுக்கு. ஒரு பக்கத்து வீடுகளை இடித்துவிட்டால் இரண்டு தேர்கள் ஒருசேரப் போகலாம்."

இடிப்பது, கட்டுவது என்றால் ராஜாவுக்கும் குஷிதான். "நல்ல யோசனை! நாம் மாமனார் ஊருக்குப் போய்ச் சித்திரையில் திரும்புகிறோம். நீரும் உடன் வாரும். திரும்பி வந்ததும் முதல் கடப்பாரையை நாமே தொட்டுத் தருகிறோம்" என்றார்.

அந்த அரண்மனையில் விகடகவி ஒருவன் இருந்தான். பெயர் சாத்தப்பன். அரண்மனைச் சாப்பாடு எவ்வளவு இருந்தாலும் காலையில் அங்காயி சுடும் ஆப்பம் இல்லாமல் அவனுக்குப் பொழுது விடியாது. மறுநாள் அவன் போனபோது அடுப்பு எரியவில்லை.

"சாத்தப்பண்ணே, இடிக்கப் போறாகளாமே! எங்க பக்கந்தானாம். இந்த மனுசன் காலத்தான் பறிகொடுத்தாரு. இப்ப வீட்டையும் பறிகொடுத்துட்டு நாங்க எங்கண்ணே போவோம்?" என்று அங்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாத தங்கச்சி, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாத்தப்பன் நடந்தான். எதைப் பார்த்துக்கொள்வது? வாசலில் பறந்த கிளிக்கொடியின் கீழே தலை குனிந்து நடந்தவன், சட்டென்று நின்றான். அப்புறம் அவன் நடையே மாறிவிட்டது.

"மகாராஜா, ஊசிச் சந்து மக்களின் கடைசி ஆசை ஒன்று இருக்கிறது. இடிபடும் முன் தங்கள் புகழ் விளங்க, வீட்டுக்கு வீடு கொடி ஏற்ற உத்தரவு தர வேண்டும்" என்று சபையில் கைகட்டி நின்றான்.

ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "ஆகா! வீட்டுக்கு வீடு கொடி ஏறட்டும். சந்து முழுவதும் தழைக்கட்டும். அதை அறுப்பவன் கையை இழப்பான். கொடிச் சட்டம் அங்கும் செல்லும்!" என்றார்.

தளவாய்க்குப் பொறுக்குமா? விகடகவிக்கு ராஜா தலையாட்டினாலே அவருக்கு எரியும். "ஒரு சொல், மகாராஜா. நாம் திரும்பும்போது இந்த முனை முதல் அந்த முனை வரை கொடி இல்லையென்றால், தங்களை ஏமாற்றிய குற்றத்துக்கு இவனை நாடு கடத்த வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

தளவாய் அன்றைக்கே நெசவாளர்களைக் கூப்பிட்டு, சந்துக்காரர்களுக்கு ஒரு முழத் துணிகூட விற்கக் கூடாது என்று மிரட்டிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு ராஜாவோடு கிளம்பினார்.

செய்தி கேட்டு அங்காயி பதறிப்போனாள். "துணியே கிடைக்காதாமே! எங்களுக்காகப் பேசப்போயி ஒன்னையுமில்ல நாடு கடத்திருவாக!"

"துணி எதுக்கு தங்கச்சி? ஒடஞ்ச பானை இருக்கா? பொடலங்கொட்டை இருக்கா? அதச் சொல்லு மொதல்ல."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பாவம், பயத்தில் அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள். ஆனாலும் விதையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

சந்து முழுக்க உடைந்த பானைகளில் மண் நிரப்பி, சுவரோரமாக வைத்தார்கள். புடலை, பீர்க்கை, பாகல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஊன்றினார்கள். சடையன் உட்கார்ந்த இடத்திலேயே கயிறு திரிக்க, அதை இந்தக் கூரைக்கும் அந்தக் கூரைக்குமாக இழுத்துக் கட்டினார்கள். அரிசி களைந்த தண்ணீரெல்லாம் பானைக்குப் போயிற்று. சபையிலிருந்த மற்றப் பெரியவர்கள் கயிறுகளைப் பார்த்துவிட்டு, "கோவணம் காயப்போடக் கொடி கட்டுகிறான்" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாத்தப்பனும் அவர்களோடு சேர்ந்து சிரித்து வைத்தான்.

சித்திரை பிறந்தது. ராஜா ஊர் திரும்பினார். உச்சி வெயில். முன்னால் ராஜாவின் தேர், அதன் பக்கத்தில் தளவாயின் தேர், பின்னால் கடப்பாரை தூக்கிய ஆட்கள். அங்காயி சட்டி பெட்டிகளை மூட்டை கட்டி, ஆட்டுக்கல்லையும் வெளியே உருட்டி வைத்துவிட்டு, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சந்து முனையில் இறங்கிய தளவாய், கையைத் தட்டிச் சிரித்தார். "பார்த்தீர்களா மகாராஜா? ஒரு கந்தல்கூட இல்லை!"

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "சாத்தப்பா! எங்கே கொடி?"

"தலைக்கு மேலே இருக்கிறதே, மகாராஜா. இது புடலங்கொடி, அது பீர்க்கங்கொடி, அதற்கப்பால் பாகற்கொடி. அந்த முனை வரை போகிறது."

"நம்மிடமே விளையாட்டா? நாம் சொன்னது பட்டுக்கொடி!"

"தாங்கள் பட்டு என்று சொல்லவில்லை. 'கொடி ஏறட்டும்' என்றீர்கள், ஏறிவிட்டது. 'தழைக்கட்டும்' என்றீர்கள், தழைத்துவிட்டது. துணி தழைக்குமா, மகாராஜா?"

"போக்கிரி!" என்று தளவாய் வாளை உருவிக் கொடியை வெட்ட ஓங்கினார்.

"ஐயையோ! கை, தளவாய் அவர்களே, கை!" என்று சாத்தப்பன் அலறினான்.

ஓங்கிய வாள் அப்படியே நின்றது. அறுப்பவன் கையை இழப்பான் என்பது அவர் காதாலேயே கேட்ட உத்தரவு அல்லவா? அவர் ராஜாவைப் பார்த்தார். ராஜா கொடியைப் பார்த்தார். சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? பேசாமல் தேரைவிட்டு இறங்கினார். கொடிக்குக் கீழே எல்லாரும் நடக்கத்தானே வேண்டும்!

உள்ளே காலெடுத்து வைத்தார். வெளியே அனல், உள்ளேயோ பச்சை நிழல், ஈர மண் வாசனை, தலைக்கு மேல் மஞ்சள் மஞ்சளாகப் பீர்க்கம்பூ. ஒரு சின்னக் குழந்தை வழியின் நட்டநடுவே உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தில் தேருக்குப் பயந்து எந்தத் தாயும் அதுவரை குழந்தையைக் கீழே விட்டதே இல்லை. ராஜா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

நேராக வளர வேண்டும் என்று புடலங்காயின் நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள் இல்லையா? அப்படி ஒரு கல், ராஜாவின் கிரீடத்தில் 'டங்'கென்று மோதியது. கிரீடம் கழன்று அங்காயியின் ஆட்டுக்கல் குழியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அங்காயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கொடிக்குக் கீழே தலை குனிய வேண்டும் என்பது தாங்கள் போட்ட சட்டம், மகாராஜா" என்றான் சாத்தப்பன் மெதுவாக. "தாங்கள் மறந்துவிட்டீர்கள். காய் மறக்கவில்லை."

முதலில் ராஜாவின் தொப்பை குலுங்கியது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார்.

"ஒரு வீடும் இடிபட வேண்டாம். தளவாய், கடப்பாரைகளைக் கொண்டுபோய் மற்றச் சந்துகளில் குழி தோண்டச் சொல்லும். எல்லாச் சந்திலும் கொடி ஏறட்டும். இந்த முறை எந்தக் கொடி என்று யோசித்தே சொல்கிறோம்!"

அங்காயிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு, "அப்பாடா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக, "யோவ், கல்ல உள்ள உருட்டுய்யா. மாவாட்டணும்" என்றாள்.

தளவாய்க்கு மட்டும் ஒரு சங்கடம் மிஞ்சியது. அவர் வீடு கடைத்தெருவுக்கு அந்தப்பக்கம். சுற்றிப் போகவோ பொறுமை இல்லை. ஆகவே தினமும் ஊசிச் சந்தில் நடந்துதான் வருவார். அதே நேரத்துக்குச் சடையனும் கடைத்தெருவிலிருந்து ஆப்பத்துக்கு அரிசி வாங்கிக்கொண்டு விந்தி விந்தி முன்னால் போவான். சந்தோ குறுகல், முந்த முடியாது. அவன் எடுத்து வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் காத்திருந்து தளவாய் பின்னாலேயே நடப்பார்.

"பைய வாங்க சாமி" என்பான் சடையன், திரும்பிப் பார்க்காமலே. "எனக்கு அவசரமில்ல."

மேல்மாடத்திலிருந்து அதைப் பார்க்கும் ராஜா, ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பதுபோலச் சிரிப்பாராம்.