ட்ரியோ ஹோய்க்கு என்ன அர்த்தம்?

எங்க யுனிவர்சிட்டி கபடி கிரவுண்டுல ஆடு மேய வந்தா, வாட்ச்மேன் சொரிமுத்து "ட்ரியோ ஹோய்!"னு ஒரு சத்தம் குடுப்பாரு. ஆடுங்க வேலியத் தாண்டிதான் மூச்சு விடும். பசங்க சும்மா இருப்பானுங்களா? அதையே புடிச்சுக்கிட்டு மேட்சுக்கு மேட்ச் கத்த ஆரம்பிச்சிட்டானுங்க.

புதுசா வந்த துணைவேந்தருக்கு இது ஆகல. ஃபைனல் அன்னைக்கு சொரிமுத்துவ மேடைக்கே கூப்பிட்டாரு.

"ஏம்ப்பா, வெளியூர்க்காரங்க முன்னாடி மானம் போகுது. இந்தக் கத்தலுக்கு கௌரவமா ஒரு அர்த்தம் சொல்லு. இல்லாட்டி நாளையிலிருந்து உனக்கு வேலை கிடையாது, பசங்களும் வாயத் தொறக்கக் கூடாது."

"அர்த்தம் இருக்குங்கய்யா. வாயால சொன்னா வெளங்காது. ஒருக்கா கத்திக் காட்டட்டுமா?"

"காட்டு, பாப்போம்."

சொரிமுத்து மைக்க வாங்கி, அடிவயித்துலயிருந்து விட்டாரு ஒரு "ட்ரியோ ஹோய்!"

துணைவேந்தர் நாற்காலியிலயிருந்து துள்ளி, படியெல்லாம் எறங்கி, கிரவுண்டுக்குள்ள போய்தான் நின்னாரு.

"இதாங்கய்யா அர்த்தம். எதிர்ல இருக்கிறவரு எதுக்குன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே எடத்தக் காலி பண்ணிரணும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. துணைவேந்தர் கோட்ட இழுத்து விட்டுக்கிட்டாரு.

"சரி சரி, கத்துங்கப்பா. மேடைப் பக்கம் மட்டும் திரும்பிக் கத்தாதீங்க."