நாலு கேள்வியில் ஐந்து

வினாத்தாளை பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற ஆள் சிங்காரவடிவேல். கல்லூரியில் சமூகவியல் துறைத்தலைவர். மறுநாள் ‘குற்றமும் பிறழ்வும்’ தேர்வு. நூலகத்தில் தோழிகள் இருவரோடு படித்துக்கொண்டிருந்த பேச்சிக்கனியின் நோட்டை எட்டிப் பார்த்தார். அவருடைய நாலு கேள்வியும் வரிசை மாறாமல் அதில் இருந்தன.

மூவரையும் முதல்வர் அம்மாவிடம் இழுத்துப் போனார்.

“வினாத்தாளைத் திருடிட்டாளுங்க மேடம். டிசியைக் கிழிச்சுக் கொடுங்க!”

“திருடலை சார், கணிச்சோம்,” என்றாள் பேச்சிக்கனி.

“அப்படியா? இங்கேயே வேற வினாத்தாள் எழுதுறேன். அதையும் கணி. தப்பினா மூட்டையைக் கட்டு.”

தோழிகளுக்கு அழுகை முட்டியது. பேச்சிக்கனி ஒரு தாளில் எழுதி, மடித்து, முதல்வரிடம் கொடுத்தாள். சிங்காரவடிவேல் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து அரைமணி நேரம் எழுதினார்.

முதல்வர் இரண்டையும் படித்தார். கேள்விகள் அப்படியே இருந்தன. ‘ஏதேனும் ஐந்தனுக்கு விடையளி’ என்று போட்டுவிட்டு நாலே கேள்வி கேட்டிருந்ததுகூட இரண்டிலும் இருந்தது.

“எப்படிம்மா?”

“நூலகத்துல பத்து வருஷத்துப் பழைய வினாத்தாள் இருக்கு மேடம். சார்கிட்ட இருக்கிறது ரெண்டே செட். வருஷம் விட்டு வருஷம் மாத்திப் போடுவாங்க. இந்த வருஷத்துது வேண்டாம்னா, போன வருஷத்துதுதானே வரும்?”

முதல்வர் நிமிர்ந்தார். “அப்போ யாருங்க சார் திருடன்?”

“வேண்டாம் மேடம்,” என்றாள் பேச்சிக்கனி. “விசாரிக்காம ஒருத்தரைத் திருடன்னு முத்திரை குத்தலாமா? ரெண்டு செட்டுலயும் வர்ற ஒரே கேள்வி அதுதான். பதில்தான் சாருக்குத் தெரியலை.”