எந்தப் பாடம் எடுப்பது

"வக்கீலுக்குப் படிக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு டிகிரி வேணுமாம். எந்தப் பாடம் எடுக்கட்டும், மேடம்?"

யுவராணி கேட்டது தன் வழக்கறிஞர் மெஹருன்னிசாவிடம். அன்றைக்கும் வழக்கு தள்ளிப்போயிருந்தது. இருவரும் கோர்ட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

யுவராணிக்கு இருபத்துமூன்று வயது. மூன்று வருடங்களுக்கு முன் அவள் கணவன் சத்தியசீலன் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினான். மேலே வரவில்லை.

குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்றது நிர்வாகம். அவன் குடித்ததே இல்லை.

மெஹருன்னிசா கறுப்பு கவுனைக் கழற்றி மடித்தார்.

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"ஹிஸ்டரி எடுத்தா சுலபமா பாஸாயிடலாம்னு அண்ணன் சொல்லுது. இங்கிலீஷ் எடுத்தா கோர்ட்டுல பேச வரும்னு அண்ணி சொல்றாங்க."

"உனக்கு?"

"இந்தக் கேஸுக்கு உதவணும். அவ்வளவுதான்."

"இன்னிக்கு உள்ளே உனக்கு எது புரியலை?"

யுவராணி யோசித்தாள்.

"ஹைட்ரஜன் சல்பைடு. அவரைக் கொன்னதுன்னு நாம சொல்ற அந்த வாயு அந்தத் தொட்டியில வரவே வராதுன்னு கம்பெனி வக்கீல் சொன்னார். ஜட்ஜ் உங்களைப் பார்த்தார். நீங்க வாய்தா கேட்டீங்க."

"ஏன் கேட்டேன்?"

யுவராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பரவாயில்லை, சொல்லு."

"உங்களுக்கும் தெரியலை."

மெஹருன்னிசா மறுக்கவில்லை.

"நீங்க காலேஜ்ல என்ன படிச்சீங்க, மேடம்?"

"எகனாமிக்ஸ். எப்படியும் லா காலேஜுக்குத்தானே போறோம், எதுவா இருந்தா என்னன்னு எடுத்தேன்."

"தெரிஞ்சவங்க யாரையாவது சாட்சிக்குக் கூப்பிடலாமே? கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க இல்லையா?"

"ரெண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தரோட தம்பி அந்த ஃபாக்டரியிலதான் வேலை பார்க்கிறார். இன்னொருத்தர் போனையே எடுக்கலை."

யுவராணி பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப். கெமிஸ்ட்ரியில்தான் அவளுக்கு மார்க் குறைவு. அந்தப் புத்தகத்தை மூடிய வருடமே கல்யாணம்.

"அப்போ நான் கெமிஸ்ட்ரியே எடுக்கிறேன். அந்த வாயு எப்படி வருதுன்னு நானே அந்த ஜட்ஜுக்குச் சொல்றேன். என் வீட்டுக்காரர் குடிக்கலைன்னு நானே சொல்றேன்."

மூன்று வருடங்களில் முதல் முறையாக அவள் குரல் உயர்ந்திருந்தது. மரத்தடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அவள் விரல் விட்டு எண்ணினாள். குரல் இறங்கிவிட்டது.

"கெமிஸ்ட்ரி மூணு வருஷம். அப்புறம் லா மூணு வருஷம். ஆறு வருஷம் ஆயிடுமே, மேடம். அதுக்குள்ள நம்ம கேஸ் முடிஞ்சிடுமே. அப்புறம் நான் படிச்சு என்ன பிரயோஜனம்?"

மெஹருன்னிசா கேஸ் கட்டின் மேல் வரிசையாக எழுதியிருந்த வாய்தா தேதிகளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு கேட்டார்.

"காலேஜ் அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் என்னிக்கு?"