நரி சொன்ன சராசரி

பிள்ளைகளே, ஒரு காட்டில் வெண்காது என்ற முயலை ஏமாற்றிவிட்டார்கள். அடிக்கவில்லை, எதையும் பிடுங்கவில்லை. பிழையே இல்லாத ஒரு கணக்கைக் காட்டித்தான் ஏமாற்றினார்கள்.

அந்தக் காட்டில் நரி ஒரு கல்லூரி நடத்தியது. எந்த மரம் எவ்வளவு காய்க்கும், எந்தச் சந்தையில் எப்போது விற்றால் லாபம் என்று முன்கூட்டியே கணிக்கும் வணிகக் கணிதப் படிப்பு. கட்டணம் இருநூறு நெல்லிக்காய். அங்கே நெல்லிக்காய்தான் காசு. கையில் இல்லாதவர்களுக்குக் கடன் கொடுக்க, கல்லூரி வாசலிலேயே முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி. குடியிருக்கும் வளை ஈடு. ஈரமண்ணில் பாதம் பதித்தால் போதும், கடன் கைக்கு வந்துவிடும்.

"இங்கே படித்தவர்களின் சராசரி மாத வருமானம் நூறு நெல்லிக்காய். இரண்டே மாதத்தில் கடனை அடைத்துவிடலாம்" என்றது நரி.

வெண்காது பாதம் பதித்தது. வகுப்பில் முதலாவதாகத் தேறியது. கரடியின் தேன் கடையில் கணக்குப் பார்க்கும் வேலையும் கிடைத்தது. கூலி மாதம் பத்து நெல்லிக்காய். வட்டியும் மாதம் பத்து.

கூலியை வாங்கி அப்படியே முள்ளம்பன்றியின் முன்னால் கொட்டிவிட்டு வரும். இருநூறு இருநூறாகவே நின்றது. முயல் எப்படியும் புல் மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் என்பதால் முள்ளம்பன்றிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

அடுத்த வருஷம் வெண்காதின் தங்கை குறுவால் அதே படிப்புக்குப் போகக் கிளம்பியது. குறுவாலுக்குக் கணக்கென்றால் உயிர்.

"நீயுமாடி?" என்றது வெண்காது.

"ஏன்க்கா, படிப்பு மோசமா?"

"படிப்பு தங்கமான படிப்பு. அதுக்குக் கொடுக்கிற விலைதான் மோசம்."

"உன்கூடப் படிச்சவங்க என்ன சம்பாதிக்கிறாங்க?"

"மயில், மான், உடும்பு எல்லாருக்கும் என்னை மாதிரியே பத்து. யானைக்கு மட்டும் நானூற்று அறுபது."

"யானை அவ்வளவு நல்லாப் படிக்குமா?"

"அதோட அப்பாவுக்குப் பலாத்தோப்பு இருக்கு. பெருக்கல் வாய்ப்பாடே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"அப்போ நீ சேர்ந்தப்ப நூறுன்னு சொன்னாங்களே, அது?"

"அதுக்கு முந்தின வருஷம் யானையோட அண்ணன் படிச்சுது."

குறுவால் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தது. ஐந்து பேருக்கு ஐந்நூறு. வகுத்தால் நூறு. நரி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. குறுவாலுக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

முதல் மழை பெய்த மறுநாள் நாவல் மரத்தடியில் சேர்க்கை. படித்துப் போனவர்களில் ஒருவரை மாலை போட்டு முன்னால் நிறுத்துவது அந்தக் கல்லூரியின் வழக்கம். யானை நின்றது. நரி சராசரியைச் சொன்னது. குட்டிகள் வரிசையாக வந்து ஈரமண்ணின் அருகே நின்றன. குறுவாலின் முறை வந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். யானையை விட்டுவிட்டுப் பார்த்தால் சராசரி எவ்வளவு?"

"யானையை ஏன் விட வேண்டும்? அதுவும் எங்கள் மாணவர்தானே. நாங்கள் பாரபட்சம் பார்ப்பதில்லை" என்றது நரி. கூட்டம் தலையாட்டியது.

"சரி. எனக்கு அந்த வருமானம் வராவிட்டால்?"

நரி சிரித்துவிட்டது. "இந்த வயசில் இவ்வளவு அவநம்பிக்கையா, பாப்பா?"

வரிசையும் சேர்ந்து சிரித்தது. "அக்காளைப் பார்த்துப் பயந்துபோச்சு" என்றது ஒரு குரங்குக் குட்டி. ஓரமாக நின்றிருந்த வெண்காதின் காதுகள் தொங்கிப்போயின.

தூக்கிய பாதத்தைக் குறுவால் ஈரமண்ணில் வைக்கவில்லை. பக்கத்தில் காய்ந்த தரையில் வைத்தது.

"உங்கள் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு தருகிறேன், ஐயா."

நரியின் காது நிமிர்ந்தது.

"கடன் வேண்டாம். முதலில் சொல்லிக்கொடுங்கள். படித்து முடித்தபின் ஒரு வருஷத்துக்கு என் கூலியில் பாதி உங்களுக்கு. மாதம் நூறு வந்தால் உங்களுக்கு ஐம்பது. வருஷத்துக்கு அறுநூறு. அதோடு கணக்கு தீர்ந்தது."

"எனக்கும் அப்படியே போடுங்க" என்றது ஒரு மான்குட்டி.

"எனக்கும்" என்றது குரங்குக் குட்டி. அதற்கு நகைக்கவும் தெரியும், எண்ணவும் தெரியும்.

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நரியைப் பார்த்தது. நரி வரிசையைப் பார்த்தது. வரிசை நீளமாக இருந்தது. அத்தனை பேரிடமும் பாதிக் கூலி என்றால் எவ்வளவு தேறும் என்று அதற்குத் தெரியாதா என்ன? கணக்கு வாத்தியார் ஆயிற்றே.

"அதெப்படி முடியும்?" என்று பதறியது நரி. "உங்களுக்கு அந்த வருமானம் வராவிட்டால் என் கதி என்ன?"

ஈரமண்ணின் அருகே நின்ற குட்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

வெண்காது காதுகளை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தது.

"இந்த வயசில் இவ்வளவு அவநம்பிக்கையா, ஐயா?"

நீதி: வருமானம் நிச்சயம் என்று சொல்பவர் அதில் பங்கு வாங்க அஞ்சினால், அவரை நம்பிக் கடன் வாங்காதே.